ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

மதினி,

இன்று காலை காலண்டர் தாளைக் கிழித்தபோது நாளைய தாளும் சேர்ந்து வந்துவிட்டது. எழுபதைத் தாண்டியவனின் விரலுக்கு எதையும் ஒற்றையாகப் பிடிக்க வரவில்லை. இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு அசட்டுத்தனமாக நின்றேன். அந்த மட்டக் காகிதத்தின் வாசனை மூக்கில் ஏறியதும், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டின் அடுப்படிச் சுவரும், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாள் கிழிக்க வரும் நீங்களும் கண்முன் வந்துவிட்டீர்கள்.

கிழித்த தாளை நீங்கள் எறிந்து நான் பார்த்ததில்லை. அதன் வெள்ளை முதுகில்தான் உங்கள் நிர்வாகமே நடந்தது. அண்ணனுக்கு ராஜபாளையம் மில்லில் இந்த வாரம் எந்த ஷிப்ட், எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது, எல்லாம் பென்சிலில் எழுதி அஞ்சறைப்பெட்டிக்குக் கீழே போய்விடும்.

வன்னியம்பட்டியிலிருந்து நீங்கள் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. உறவுக்கு நான் கொழுந்தன். ஆனால் கேட்டவர்களிடம் "இவன் எங்க மூத்தவன்" என்றுதான் சொன்னீர்கள். பிறகு உங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தும் அந்த 'மூத்தவன்' பட்டத்தை என்னிடமிருந்து பிடுங்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எலியின் மூளையில் நினைவு பதியும் பகுதியை மெல்லிசாகச் சீவி, உயிர் போகாமல் பார்த்துக்கொண்டு, அதற்கு மின்துடிப்பு கொடுப்பது என் வேலை. விடுமுறைக்கு வந்தால் உங்களுக்கு நான் "எலி வாத்தியார்". ஒரு தடவை மொச்சை உரித்துக்கொண்டே, அப்படி அந்த எலியிடம் என்னதான் கேட்கிறாய் என்றீர்கள். ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கிறது, அதன் வழியாகத்தான் சேதி போகும், திரும்பத் திரும்பத் தட்டினால் அந்த இணைப்பு பலப்பட்டு நீண்ட நேரம் அப்படியே நிற்கும், நினைவு என்பது அதுதான் போலிருக்கிறது என்று பெரிய பிரசங்கம் செய்தேன். நீங்கள் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"இதுக்கா இம்புட்டுப் படிப்பு? ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு முடுக்கு. பக்கத்து வீட்டுக்காரி தினம் உறைமோர் கேட்டு வந்தா, பொறவு கதவத் தட்டாமலே உள்ள வருவா. அம்புட்டுத்தான."

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா அந்த நேரம் பார்த்துக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். நாம் ஏன் அப்படிச் சிரிக்கிறோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. மதினி, பின்னால் கல்லூரியில் இருபது வருஷம் வகுப்பெடுத்தேன். முதல் நாள் பாடம் எப்போதும் உங்கள் முடுக்கும் உறைமோரும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மதுரைக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்து வந்தேன். உங்களுக்கு ஐம்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான். காலண்டர் ஒரே நாளில் நாலைந்து தேதி முன்னால் போகத் தொடங்கியிருந்தது. கிழித்ததை மறந்து மறுபடி மறுபடி கிழித்திருக்கிறீர்கள். அண்ணன் அதைச் சிரித்துத் தள்ளினார். பிறகொரு நாள் அவருக்குச் சோறு கொண்டுபோன நீங்கள் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். இருபது வருஷமாக நடந்த வழியில் மில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மில் வாட்ச்மேன் அடையாளம் கண்டு கூட்டி வந்தபோது மணி மூன்று. தூக்குச்சட்டியை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தீர்களாம். மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார். மருந்து இல்லை என்றும் சொன்னார்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஊர் உலகத்துக்கு வராத யோசனை, எலி வாத்தியாருக்கு மட்டுமே வரக்கூடியது. திரும்பத் திரும்பத் தட்டினால் இணைப்பு பலப்படும் அல்லவா? ஒரு ரூல் நோட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் வந்து உங்களை எதிரே உட்கார வைத்துப் பத்துக் கேள்வி கேட்டேன். இன்று என்ன கிழமை, பெண்களின் பேர் என்ன, அண்ணன் எங்கே வேலை பார்க்கிறார். பத்தாவது கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நான் யார், என் பேர் என்ன. சரிக்கு ஒரு டிக், தப்புக்குப் பெருக்கல் குறி. ஆராய்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீங்கள் என்னை மறந்துவிடுவீர்களோ என்ற பயம்தான். இரண்டாவது தடவையும் தாயில்லாப் பிள்ளையாக எனக்குத் தெம்பில்லை.

முதலில் நாலு மதிப்பெண். ஒரு மாதத்தில் ஏழு, அப்புறம் ஒன்பது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காததை ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்படியில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு, கிழமையைக் கேட்டதும் நீங்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தீர்கள். உள்ளே காலண்டர் தாள். பென்சிலில் வரிசையாகப் பதில்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிட்டு அடிப்பது போலவே. என் கண்டுபிடிப்பு அந்த முடிச்சுக்குள் இருந்தது. "என்ன மதினி, என்னையே ஏமாத்துதீகளா?" என்று கத்திவிட்டேன். தாளை உள்ளங்கைக்குள் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தீர்கள். அந்தக் குனிந்த தலைக்காக இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களை அல்ல, என்னை.

அண்ணன் என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"ஏலே, நாயித்துக்கெழமன்னா அவ காலைல இருந்து ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்கா. கேள்வி கேக்கணும்னா இனிமே வராத. மதினியப் பாக்கணும்னா வா."

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். நான் மூன்றே மாதத்தில் புளித்துவிட்டேன். அடுத்த வாரம் நான் வாசலில் கால் வைத்ததும் நீங்கள் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். பேர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்த மூளையில் என்னைப் பற்றிய பயம் மட்டும் நன்றாகப் பதிந்திருந்தது. தட்டித் தட்டி நான் பலப்படுத்திய ஒரே இணைப்பு அதுதான்.

நோட்டை மூடினேன். அதன் பிறகு கேள்வியே கிடையாது. நம் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் பெரியவர்களிடம் முதலில் கேட்பது "நான் யாருன்னு தெரியுதா?" என்பதுதான், பிரியமாகத்தான் கேட்கிறார்கள். உங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள், ஒவ்வொருவரிடமும் நீங்கள் தோற்றீர்கள். நான் அதை மாற்றிச் சொல்லப் பழகினேன். வாசலிலேயே நின்று, "மதினி, நான்தான், உங்க கொழுந்தன், மதுரையில இருந்து வந்திருக்கேன்" என்பேன். சொல்லிவிட்டு மொச்சையை முறத்தில் கொட்டி ஒரு ஓரமாக உட்கார்ந்து உரிப்பேன். ஐந்தாறு வாரம் கதவு திறக்கவில்லை. பிறகு ஒருக்களித்தது. ஒரு நாள் வந்து எதிரே உட்கார்ந்து நீங்களும் உரித்தீர்கள், என்னைவிட வேகமாக. செத்த நேரம் கழித்து, "சாப்ட்டியா?" என்றீர்கள். நான் யாரென்று தெரிந்து கேட்கவில்லை. இருந்தாலும் என்னைக் கேட்டீர்கள். மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தீர்கள். நீங்கள் போன பதினாறாம் நாள், அடுப்படியை ஒழித்த அண்ணன் அஞ்சறைப்பெட்டிக்குக் கீழிருந்த தாள்களில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது உனக்கு எழுதுனது மாதிரி இருக்கு" என்றார். கோணல்மாணலாக உங்கள் கையெழுத்து:

"நாயித்துக்கெழம வருவான். கொழுந்தன். நான் வளத்த பிள்ள. பேர் கேப்பான். சொல்லலன்னா முகம் வாடிப்போவான் பாவம். சொல்லிரணும். அவன் பேரு"

அதற்கு மேல் எழுத்தில்லை. பென்சில் முனையை அழுத்திக் காத்திருந்த புள்ளி மட்டும், தாள் ஓட்டையாகிற அளவுக்கு.

என்னை ஏமாற்றுகிறீர்கள் என்று கத்தினேனே மதினி. என் முகம் வாடக் கூடாதென்றுதான் நீங்கள் அந்தப் பரீட்சைக்குப் படித்திருக்கிறீர்கள்.

இப்போதும் மறதி நோய்க்காரர்கள் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே என் பேரை நானே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாள் என் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. என் பேரைத் தவிர நான் யார் என்பது எல்லாம் அதில் இருக்கிறது.