ஆமைக் குஞ்சுக்குக் காவல் போட்ட வலை

கட்டுமாவடி

அன்பு மகன் சல்மானுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தா, நான், உன் தங்கை நிலோஃபர் மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போனில் கேட்டால் “நல்லாருக்கேம்மா” என்பாய், பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்பான். நீ வேலை பார்க்கிற அரபு ஊரிலிருந்து லீவில் வந்திருக்கும் ரிஃபாய்தான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தான். பாஸ்போர்ட் முதலாளியிடம், வேலை செய்கிற நீங்கள் ஒன்பது பேரும் ஒரே அறையில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும்தான் கதவைத் திறப்பார்களாம். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று நீ மட்டும் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடப் போகிறாயாமே! கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற ரிஃபாய் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

இங்கே நடந்ததைக் கேள். மாசியில் நம் படகுக்குப் பக்கத்தில் ஓர் ஆமை ஏறி முட்டையிட்டுப் போயிருந்தது. நாங்கள் தாமதமாகத்தான் வனத்துறைக்குச் சொன்னோம். வந்து பார்த்த பிரகதீஸ்வரி என்ற பெண், “இத்தன நாள் கழிச்சு முட்டையக் கலைக்கக் கூடாதுங்க, நாய் கிளறாமப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அத்தாவுக்குக் காவல் என்றால் வலையை விட்டால் வேறென்ன தெரியும்? மேலே வலையை விரித்து நாலு பக்கமும் கல்லை வைத்துவிட்டு வந்துவிட்டார். நாய் உள்ளே போகாது சரி, குஞ்சு எப்படி வெளியே வரும் என்று அந்த மனுஷனும் யோசிக்கவில்லை, வாய் கிழியப் பேசுகிற நானும் யோசிக்கவில்லை.

போன வாரம் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் படகுக்குப் போனவர், “வலைய அறுக்கணும், கத்திய எடுத்துட்டு வா” என்று அங்கிருந்தே கூச்சல் போட்டார். கத்தியோடு ஓடினேன். மணல் உலை கொதிப்பது போல் கொதிக்கிறது, அத்தனை குஞ்சும் சேர்ந்து முட்டுகிற முட்டில் வலையே தூக்கித் தூக்கிப் போடுகிறது. இருவரும் வலையை அறுத்துத் தள்ளினோம். எல்லாம் கடலைப் பார்த்து ஓடின. பிறகு வலையைச் சுருட்டும்போது பார்த்தால் ஓரத்தில் ஒன்று கழுத்து மாட்டிக் காய்ந்து கிடந்தது. முந்தின நாளே தனியாக ஏறி வந்திருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. “மொதல்ல பொரிச்சது மத்ததுக்காக மண்ணுக்குள்ளயே காத்துக் கெடக்கும்மா, எல்லாம் சேந்து மண்ணத் தள்ளித்தான் ஏறும், இது அவசரப்பட்டுருச்சு” என்றாள் சேதி கேட்டு வந்த பிரகதீஸ்வரி. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் ஆமைக்காக என்று நினைத்திருப்பாள்.

வேண்டாம் தங்கம். ஒத்தையில் குதித்து நீ கால் ஒடிந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? ஜும்ஆவுக்கு வெளியே விடும்போது ஒன்பது பேரும் சேர்ந்து எம்பஸிக்குப் போங்கள். பள்ளிவாசல் பக்கம் வண்டியோடு நிற்கிறேன் என்று ரிஃபாய் சொல்லியிருக்கிறான். ஒன்பது பேரைச் சத்தமில்லாமல் மறைக்க எவனாலும் முடியாது. “அவன் எங்க நம்ம பேச்சக் கேக்கப் போறான்” என்று அத்தா புலம்புகிறார். இந்த ஒருமுறை கேள்.

வயிற்றைக் காயப் போடாதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைப் பத்திரமாக எங்கள் கண்ணில் காட்டட்டும். இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. அறையில் எல்லோருக்கும் மெதுவாகப் படித்துக் காட்டு. விஷயம் தெரிந்தால் அவர்கள் வீட்டிலும் இதைத்தான் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஒன்பது பேருக்கும் அம்மா,
அஜீசா