ஆறு நோன்பும் எழுபத்தைந்து கிலோவும்

27 மார்ச் 2025, வியாழன்

காலையில் தராசு 79.4 காட்டியது. நோன்பு தொடங்கிய அன்று 82. அல்ஹம்துலில்லாஹ். நம்பாமல் இறங்கி, மூச்சை முழுதாக விட்டுவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தேன். அதே 79.4. மூச்சுக்கு எடை இல்லையாக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் இதே தராசில் 96. சீனி வருத்தம் வாசல்வரை வந்துவிட்டது, நடங்கள் என்றார் டாக்டர். நடந்தேன், பிறகு ஓடினேன். பிறகு கஜீபன் பழக்கமானான். எல்கடுவைப் பையன், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். என்னை அண்ணனாக்கி 'நானா' என்றுதான் கூப்பிடுவான். அவன் என்னைச் சைக்கிளில் ஏற்றினான், கண்டிக்குக் கூட்டிப்போய் நீச்சல் தடாகத்திலும் தள்ளினான். மாத்தளையில் மிளகு வாங்கி விற்கிற நாற்பத்து மூன்று வயது மனுஷன் ட்ரையத்லான் செய்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? அந்த டாக்டருக்கு ஆயுசு நீளட்டும்.

ஆனால் போன ஆகஸ்ட் பாசிக்குடாப் போட்டி! கடலில் நீந்தி முடித்தேன். தொண்ணூறு கிலோமீற்றர் சைக்கிளையும் ஓட்டி முடித்தேன். நேரம் தாண்டிவிட்டது என்று கொடியைக் காட்டி நிறுத்திவிட்டார்கள், ஓட விடவில்லை. றிஸ்லா முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். ஓடி வரவேண்டிய புருஷன் வேனில் வந்து இறங்கினான். நினைத்தால் இன்னும் முகம் சுடுகிறது.

இந்த ஆகஸ்டில் அந்த முடிவுக் கோட்டை என் காலால் தாண்ட வேண்டும். ஒவ்வொரு கிலோ குறையவும் சைக்கிளில் இத்தனை நிமிடம் மிச்சம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கணக்குப் போட்டிருந்தார். 75க்கு வந்தால் போதும்.

1 ஏப்ரல்

நேற்று பெருநாள். மாமி வீட்டில் சஹன் சோறு, ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர். ஆறு கை உள்ளே போகும்போது யார் எவ்வளவு தின்றார் என்று யாருக்குத் தெரியும்? என் பக்கத்து இறைச்சியை எல்லாம் மச்சான் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டார். வட்டிலப்ப இனிப்பில்தான் தோற்றேன். மூன்று துண்டு.

இன்று காலை 80.3.

ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பையும் பிடிப்பதாக றிஸ்லாவிடம் சொன்னேன். பதினைந்து வருடக் குடும்பத்தில் நான் ஆறு நோன்பு பிடித்ததே இல்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நானும் உங்களோட பிடிக்கிறேன்."

3 ஏப்ரல்

விடியுமுன் சஹருக்கு எழும்பி எனக்காகச் சோறு சூடாக்கினாள். ஒரு ஈச்சம்பழமும் தண்ணீரும் போதும், வயிறு சரியில்லை என்றேன். நோன்பு பிடிக்கிற நோக்கத்தைச் சொல்லும் நிய்யத்தை வாய்க்குள்ளேயே சொன்னேன். 'அல்லாஹ்வுக்காக' என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. தூக்கக் கலக்கமாக இருக்கும்.

10 ஏப்ரல்

ஆறும் முடிந்தது. 77.9. இனித் திங்களும் வியாழனும் பிடிக்கலாம் என்று இருக்கிறேன். அதுவும் நபிவழிச் சுன்னத்துத்தானே. றிஸ்லாவும் சேர்ந்துகொண்டாள். பள்ளிவாசலில் இரண்டு பேர் கைகொடுத்து மாஷா அல்லாஹ் என்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

கஜீபனோடு எல்கடுவை ஏற்றம். 76.0 கிலோவில் பறக்கப் போகிறேன் என்று போனேன். பறந்தது அவன்தான். வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே என்னைத் தாண்டினான். அவன் 83 கிலோ! முதல் வளைவிலேயே என் தொடையில் ஒன்றும் இல்லை. தோட்டத்து லயத்துப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு நடந்துபோன பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவர்களுடைய நடையும் என் சைக்கிளும் ஒரே வேகம்.

மேலே போய்ச் சேர்ந்ததும் கஜீபன் பிடித்துக்கொண்டான்.

"நானா, மொதல்ல கொறஞ்சது ஒங்க தொப்பை. இப்ப கொறையிறது தொடை. என்னா சாப்பிடுறீங்க?"

"சாப்பிடுறேன் சாப்பிடுறேன்."

"ஒங்க கடையில உள்ளுக்கு ஒண்ணுமில்லாத பொக்கு மிளகு கொண்டாந்தா என்னா செய்வீங்க? பாரம் இல்லன்னு வெலையக் கொறைப்பீங்கல்ல? நீங்களே இப்ப அப்படித்தான் இருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவனை விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இறக்கத்தில் மட்டும் நல்ல வேகம்.

8 மே

75.2. அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதப் போனேன். கை குளிர்கிறது, மே மாதத்தில்.

12 மே, திங்கள், வெசாக்

இன்று நடந்ததை எழுதாமல் படுக்க மாட்டேன்.

பௌத்தர்களின் வெசாக் விடுமுறை என்பதால் நாலந்தா வரை போய்த் திரும்ப நினைத்தோம். திங்கள், நான் நோன்பு. கஜீபனிடம் சொல்லவில்லை. நாலந்தாவில் சாலையோரம் தன்சல் போட்டிருந்தார்கள். போகிற வருகிற எல்லாரையும் மறித்து இலவசமாகச் சோறும் சர்பத்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் கொடியை ஆட்டி என் முன்னால் வந்தார். வேண்டாம் என்று கையைத் தூக்கினேன். தூக்கினது வரைதான் ஞாபகம்.

கண் திறந்தபோது பந்தலுக்குள் கிடந்தேன். முழங்கையில் இரத்தம். யாரோ விசிறினார்கள், யாரோ என் சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள். கஜீபன் முகம் வெளிறிப்போய் இருந்தது. "நானா, குடிங்க, கெஞ்சிக் கேக்கிறேன், குடிங்க." சிவப்புச் சர்பத். குடித்தேன். என் பெயரும் தெரியாத அந்தச் சனம் சைக்கிளோடு என்னை ஒரு லொறியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியது. அவர்களுக்கு நான் என்ன செய்வேன்?

றிஸ்லா காயத்தைக் கழுவினாள். அவளும் இன்று நோன்பு. "விழுந்ததால விட்ட நோன்புதானே, பரவால்ல. பொறகு பிடிச்சாச் சரி" என்றாள். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நோன்பு இல்லை றிஸ்லா, நான் பட்டினி கிடந்தேன், ஆறு நோன்பும் தராசுக்குப் பிடிச்சதுதான், அதுக்குப் பொறகு பிடிச்சதும் அதுதான்.

பஞ்சைக் காயத்தில் அழுத்தி வைத்தாள்.

"அப்ப நான் யாருக்குப் பிடிச்ச?"

அவளே தொடர்ந்தாள்.

"ஒவ்வொரு நோன்பும் தொறக்கிற நேரம் உங்கட போட்டிக்குத்தான் துஆ கேட்டேன். இந்த முறை வேன்ல வராம, நடந்தாவது வந்து சேரணும் எண்டு."

அழுதேன். நாற்பத்து மூன்று வயசுல, முழங்கையில பஞ்சோட, சின்னப்புள்ள மாதிரி. என் மனைவி பசித்திருந்தது எனக்காக. நான் பசித்திருந்தது தராசில் ஓர் எண் குறையவேண்டும் என்பதற்காக. அல்லாஹ் என்னைச் சாலையில் போட்டது அருள். வேறென்ன சொல்ல?

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அவள் நோன்பு திறந்தாள். பிறகு சோற்றைப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பவில்லை.

17 மே

றிஸ்லாவின் தங்கை றிஸ்மியா ஹஜ்ஜுக்குப் போகிறாள். பெட்டிகள் எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டுமாம். றிஸ்லா என்னிடம் கேட்காமலே தராசைக் கொடுத்தனுப்பிவிட்டாள். போகட்டும். ஹாஜியார் பெட்டியைச் சுமக்கிற பாக்கியமாவது அதற்குக் கிடைக்கட்டும்.

22 ஜூன், ஞாயிறு

ஏற்றத்தில் தின்பதும் ஒரு பயிற்சி என்கிறான் கஜீபன். அரை மணிக்கு ஒருதரம் ஏதாவது வாயில் போட வேண்டும். றிஸ்லா சோற்றைச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து, நடுவில் மாசிச் சம்பலை வைத்துச் சுற்றித் தருகிறாள். எல்கடுவையில் இன்று கஜீபனின் சைக்கிள் பின்சில்லை விடாமல் பிடித்துக்கொண்டே போனேன். மேலே போனதும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "மிளகு பாரம் ஏறிருச்சு" என்றான். அவனுக்கும் ஓர் உருண்டை கொடுத்தேன். உறைப்பில் கண் கலங்கிவிட்டது வாத்தியாருக்கு.

29 ஜூன்

றிஸ்மியா மக்காவிலிருந்து ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்தாள். தராசைக் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

10 ஆகஸ்ட், பாசிக்குடா

கடல் குளம் மாதிரிக் கிடந்தது. சைக்கிளை நேரத்துக்குள் கொண்டுவந்து போட்டேன். கொடியோடு நின்ற அதே ஆள் இந்த முறை கையைத் தட்டினார். சட்டைப் பையில் ஒரு சோற்று உருண்டை மிச்சம் இருந்தது.

கடைசி இரண்டு கிலோமீற்றரில் கால் பிடித்துக்கொண்டது. ஓட முடியவில்லை. நடந்துதான் வந்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் அதே குடை. என்னைக் கண்டதும் றிஸ்லா குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஓடி வரவேண்டும் என்று அவள் கேட்கவில்லையே, நடந்தாவது வரத்தானே கேட்டாள்.

யா அல்லாஹ், அவள் பசியைக் கொண்டுதானே என்னை நடத்திக்கொண்டு வந்தாய்.

30 மார்ச் 2026, திங்கள், சஹர்

இன்று ஷவ்வாலின் ஆறாவது நோன்பு. இந்த ஆறு நாளும் சைக்கிளைத் தொடவில்லை. எவ்வளவு குறைந்தது, கூடியது, எனக்குத் தெரியாது. தராசு இன்னும் றிஸ்மியா வீட்டில்தான்.

நிய்யத்தைச் சத்தமாகவே சொன்னேன். எந்த இடத்திலும் நாக்கு தடுக்கவில்லை. அடுப்படியிலிருந்து றிஸ்லா, "இன்னம் கொஞ்சம் சோறு போடவா?" என்றாள்.

போடச் சொன்னேன்.