காஜா சித்தி போனை எடுப்பாள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், நீயும் மருமகளும் குழந்தையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். எழுத்து பெரிது பெரிதாகக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. கண் ஆபரேஷன் முடிந்தும் பொடி எழுத்து எதுவும் தெரிவதில்லை, கைப்பழக்கத்தில்தான் தைக்கிறேன், ஊசியில் நூல் கோக்க ஆள் வேண்டும். கண் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டு நாளாகிறது, அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். அப்பா வாசல் விளக்கைச் சரி பண்ணுகிறேன் என்று ஏணியில் ஏறி வீடு முழுவதையும் இருட்டாக்கிவிட்டார், உன் தங்கை வந்து கத்திவிட்டுப் போனாள். கடையில் வேலை குறைவு. ஏன் குறைவு என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் காய்கறிச் சந்தையில் நம் பக்கத்து ஆள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து கண்டபடி சுட்டதும், செத்தவர்களில் நம் கடையில் காஜா எடுத்துப் பட்டன் வைக்கும் சித்தியின் வீட்டுக்காரர் ஒருவர் என்பதும் உனக்குத் தெரியும். மூட்டை இறக்கிவிட்டு டீ குடிக்க நின்ற மனுஷன். சித்தி அந்தப் பக்கத்தவள் என்பது இத்தனை வருஷம் நம் கடையில் யாருக்கும் நினைவிருந்ததில்லை, இப்போது தெருவே கூடி நினைவுபடுத்துகிறது. எதிர் மருந்துக்கடைக்காரர் வந்து, "அந்தம்மாவ கொஞ்ச நாள் வீட்டோட இருக்கச் சொல்லுங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். என் நல்லத நான் பாத்துக்கிறேன், நீங்க இருமல் மருந்தப் பாருங்க என்றேன். அதிலிருந்து அவர் வீட்டுத் துணி வருவதில்லை, அவரைப் பார்த்து இன்னும் நாலு வீட்டார் நிறுத்திவிட்டார்கள். போகட்டும், அவர் பேன்ட்டுக்கு இடுப்புப் பிரித்து விட்டே என் கை ஓய்ந்துபோயிருந்தது.

போன ஞாயிறு நான் கேட்டதற்கு, "நானாம்மா சுட்டேன்? ஊரே அனுப்பினத நானும் அனுப்பினேன், அழிச்சும் விட்டேனே" என்று என் மேலேயே எரிந்து விழுந்தாய். சந்தைக்கு முந்தின நாள் நம் குடும்ப குரூப்பில் நீ அனுப்பினாயே, அந்தப் பக்கத்து ஆட்கள் நாலு பேரைச் சுட்டால்தான் மிச்சப் பேர் அடங்குவார்கள் என்று, அதைத்தான் கேட்டேன். சுட்ட செய்தி வந்த பிறகு அழித்தாய். கண் மங்கியதிலிருந்து என் போனை யார் படித்துக் காட்டுகிறார்கள் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. தங்கை என்று நினைத்திருப்பாய், அவளுக்கு இங்கே தலைகாட்டவே நேரமில்லை. படித்துக் காட்டுவது காஜா சித்தி. குழந்தைக்குப் பல் முளைத்ததையும் உனக்கு வேலை உயர்ந்ததையும் அவள் வாயால்தான் கேட்டேன். அன்றைக்கும் அவள்தான் கையிலிருந்த சட்டையை மடியில் போட்டுவிட்டு, நீ அனுப்பியதை ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். குரல் மாறவில்லை. "கீழ சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு போட்டிருக்கான்க்கா" என்றாள். பிறகு நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "பதில் என்ன போடட்டும்?" என்று கேட்டாள். ஒன்றும் போடாதே, அவனிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். பேசுவதற்குள் விடிந்துவிட்டது, சந்தையில் சுட்டும்விட்டான்.

வீட்டுக்காரர் போய் ஒரு மாதம் கழித்து அவளாகவே கடைக்கு வந்து, தன் முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்து, போனை எடுத்தாள். கூப்பிய கையும் ஒரு பூவும் வைத்து, சித்திக்கு ஆழ்ந்த இரங்கல் என்று நீ போட்டிருந்ததை அதே குரலில் படித்தாள். உன் அப்பா, "விடுடி, சின்னப் பையன், ஏதோ தெரியாம" என்கிறார். நரை விழுந்த சின்னப் பையன். கை குட்டையாகிப்போன சட்டை கடைக்குத் திரும்பி வந்தால் வெட்டினவர் தைத்தவளைக் காட்டுவார், தைத்தவள் அளவெடுத்தவரைக் காட்டுவாள், அந்தப் பேச்சுக்கு நான் என்றைக்கும் இடம் கொடுத்ததில்லை, நீ பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன்தானே. நீ சுடவில்லை, தெரியும். ஆனால் சுட வேண்டும் என்று சொன்னாய். அதற்கு உன்னைத்தானே கேட்க முடியும், ஊரையா போய்க் கேட்பேன்? மனசு சரியில்லை, நான் துக்கம் விசாரித்ததாகச் சித்தியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்கிறாய். மாட்டேன். உன் வார்த்தையை நான் சுமந்துகொண்டு போய்க் கொடுக்க மாட்டேன்.

அவளே நேற்று கேட்டாள். "தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்க்கா, அடுத்த தடவ போன் வந்தா நானே எடுக்கட்டுமா?" என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. எடு என்றேன். விமானம் ஏறின அன்று நீ போட்டிருந்த சட்டைக்குக் கடைசிப் பட்டன் வைத்தவள் அவள், உன்னைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

குளிரில் குழந்தையின் காதை மூடி வை. நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தை மருமகளிடம் மறைக்காதே. உன்மேல் எத்தனை கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காமல் நான் படுத்ததில்லை, இனியும் அப்படித்தான். நினைவில் வை, ஞாயிறும் அவள் கடைக்கு வருவாள், போன் அவள் கையில் இருக்கும். தங்கையின் போனுக்கு நீ கூப்பிட்டால் நான் பேச வரமாட்டேன். என்னோடு பேச வேண்டுமானால் முதலில் அவளோடு பேசு.

என்றும் உன் நன்மையை வேண்டும்
அம்மா

உறை மேலே விலாசம் எழுதியது சித்தி. என் எழுத்தைப் பார்த்தால் தபால்காரர் வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று சொல்லி அவளே வாங்கி எழுதினாள்.