வெள்ளரளி, செவ்வரளி, ஆர்பிட்ரரி

12.6.62, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டம். துணி துவைத்தது, மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டது. வேறு வேலை ஓடவில்லை.

கோயம்புத்தூரில் டீச்சர் வேலைக்கான பி.டி. படிக்க இடம் கிடைத்தாயிற்று. அதே வாரம் நாமக்கல் லாரிக்காரர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள். அப்பா இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறார். பாவம்தான். போகப் போவது என் படிப்பு.

சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்: "நாம ஒண்ணு சொல்லி, நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா? மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுரலாம் சாமி."

அம்மா: "அதுவும் செரிதானுங்க."

எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

13.6, புதன்

மேகம் மட்டும். தலைவலி.

சேலத்தில் பி.ஏ. படிக்கையில் ஸ்டெல்லா மிஸ் சொன்ன சொல் காலையிலிருந்து மண்டைக்குள். ஆர்பிட்ரரி. காரணம் இல்லாமல், மனம் போனபடி எடுத்த முடிவு. மூலம் லத்தீன், ஆர்பிட்டர். முதலில் நேரில் வந்து பார்ப்பவன் என்றுதான் பொருளாம். பிறகு, பார்த்துத் தீர்ப்புச் சொல்பவன். பிறகு அவன் இஷ்டம். கடைசியில் வெறும் இஷ்டம்.

"பாக்கற வேலைய மட்டும் மறந்துட்டாங்க," என்றார் மிஸ். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

15.6, வெள்ளி

கோயில். நல்ல கூட்டம். பூசாரி வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டினார். வெள்ளரளி வந்தால் படிப்பு, செவ்வரளி வந்தால் கல்யாணம். குலுக்கி அம்மன் காலடியில் போட்டார்.

"உன்ர கையாலயே எடு சாமி," என்றார் அப்பா.

எடுத்தேன். செவ்வரளி.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளுங்க," என்றார் பூசாரி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா முகத்தில் அப்படியொரு நிம்மதி. மாதக்கணக்கில் பார்க்காத நிம்மதி. வரும் வழியில் அப்பா எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

16.6, சனி

தூறல். பெட்டியில் எடுத்து வைத்திருந்த சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டேன். செத்துப்போகலாம் போல இருக்கிறது. அம்மா வெல்லம் இடிக்கிறாள்.

நேற்று கிளம்பும்போது மற்றப் பொட்டலத்தை யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். இதுவும் சிவப்பாக இருக்கட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டுதான் பிரித்தேன். இருந்திருந்தால் அப்பாவிடம் சண்டை போட்டிருப்பேன். பூசாரியை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்.

வெள்ளரளிதான். யாரும் ஏமாற்றவில்லை. எடுத்த கையும் என்னுடையது.