மூன்றாம் மாடி வாசல்

17 ஆகஸ்ட் 2003, ஞாயிறு. வட்டகொடை.

கொழும்பில் நடந்த கால்கள் வலிக்கின்றன. ஆனாலும் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

அங்கே கோட்டைப் பகுதியில் ஒரு பழைய கட்டடம். மூன்றாம் மாடியில் கதவு இருக்கிறது, வெளியே கால் வைக்க இடமில்லை. என்னோடு படிப்பிக்கும் யாழ்ப்பாண டீச்சர்தான் வழியெல்லாம் விளக்கம் சொல்லி வந்தார். "உதில பல்கனி இருந்து இடிஞ்சுபோச்சு" என்றார்.

"இல்லைங்க டீச்சர், கயித்துல சாக்கு ஏத்துற வாசல். தேயிலை ஸ்டோரா இருந்திருக்கும்."

"மலைநாட்டாருக்கு எங்க பார்த்தாலும் தேயிலைதான்!" என்று டீச்சர் சிரித்தார்.

நான் விடவில்லை. காவலாளியிடம் சிங்களத்தில் கேட்டேன். பழைய தேயிலைக் கிடங்கேதான் என்றார்.

டீச்சரின் சிரிப்பு நின்றது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்று அவரிடம் இதுவரை சொன்னதில்லை. இன்று நடுத்தெருவில் சத்தமாகவே சொன்னேன்.

"எங்க அப்பா தேயிலை பெக்டரியில இருபது வருஷம் இந்த மாதிரி வாசல்ல நின்னுதான் கொழுந்துச் சாக்கு இழுத்தாரு."