கடுகு வயலில் அசுவினி

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் இருக்கும் எங்கள் வயலில் கடுகு முற்றும் நேரத்தில் காய்களில் அசுவினிப் பூச்சி அப்பிவிட்டது. என் வீட்டுக்காரர் பூச்சிமருந்தோடு வந்து நின்றார்.

“இன்னைக்கே அடிக்கலேன்னா காய் சுருங்கிடும், செல்வி.”

“பத்து நாள்ல அறுப்புங்க. அடிச்சா மூணு வாரம் அறுக்கக் கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கு. விஷத்தோட அறுத்து யாருக்கு விக்கிறது?”

கோபத்தில் படகேறி வீட்டுக்குப் போய்விட்டார். வயலைச் சுற்றிப் பார்த்தேன். நடுவில் பொறிவண்டுகள் அசுவினியைத் தின்றுகொண்டிருந்தன. ஓரத்து வரிசைகளில்தான் பூச்சி அதிகம். அங்கே பூச்சி மொய்த்த செடி நுனிகளை மட்டும் ஒடித்துச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். இருட்டுவதற்குள் நாலு வரிசைதான் முடிந்தது. விரலெல்லாம் எரிகிறது.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது அவரே பேசினார்: “காலையில நானும் வரேன். ஆனா காய் போச்சுன்னா?”

“போகாது” என்றேன். போகவிட மாட்டேன்.