கஸ்தூரிக்கா வீட்டில் லைட்டு ஆஃபு

நவம்பர் 24, ஞாயிறு

இந்த ஆண்டு அந்தப் பாட்டைக் கேட்ட முதல் தடவை: காலை 9.40, பாடி மேம்பாலத்துக்குக் கீழே, ஒரு ஷேர் ஆட்டோவில். சென்ற ஆண்டு நவம்பர் 27. மூன்று நாள் முன்னேற்றம். இப்படியே போனால் இன்னும் இருபது ஆண்டுகளில் ஆயுத பூஜைக்கே போட்டுவிடுவார்கள்.

பாட்டை எழுதியது நான். 1995 டிசம்பர், எனக்கு இருபத்திரண்டு வயது. அம்பத்தூரில் எங்கள் சபையின் கேரல் குழு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போனது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கை அணைத்துவிட்டு ஆள் இல்லாததுபோல் இருந்தார்கள். குழு வந்தால் கேக், காபி, காணிக்கை என்று செலவு. அப்படி ஒளிந்துகொள்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அந்த வாசலிலேயே நின்று இட்டுக்கட்டினேன்:

மேளச் சத்தம் கேட்டதுமே லைட்டு ஆஃபு – கஸ்தூரிக்கா
கேக்கு வாசம் வந்ததுமே லைட்டு ஆனு
கட்டிலுக்குக் கீழ யாரு, பூனையா?
வாயப் பொத்திச் சிரிக்குது, வெளிய வா!

கேசட்டில் வந்தது. பிறகு ரிங்டோன். இப்போது ரீல்ஸ். கிறிஸ்தவர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் பாடுகிறார்கள். இதற்குப் பின் நூற்று நாற்பது நையாண்டிக் கட்டுரைகள் எழுதிவிட்டேன். என் மொத்த வாசகர்களும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்குவார்கள், டிரைவர் உட்பட. ஒரு ஆய்வேட்டில் இந்தப் பாட்டை ‘நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறார்கள். கல்லூரி நூலகர் என்ற முறையில் அந்த ஆய்வேட்டுக்கு எண் ஒட்டி அலமாரியில் வைத்ததும் நான்தான்.

வெட்கம்தான். ஆனால் மூன்றாவது வரியும் நான்காவது வரியும் நல்ல வரிகள். கற்பனை இல்லை, ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்துப் பிடித்தவை. நையாண்டிக்கு வேண்டியது கவனிப்பு.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் பவித்ரா, நெமிலிச்சேரியிலிருந்து வருகிறாள்.

“கஸ்தூரி பொண்ணுக்கா.”

எந்தக் கஸ்தூரி என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. வீட்டிலேயே ஆக்சிஜன். கிறிஸ்துமஸ் வரை இருந்தால் பெரிது என்கிறார் டாக்டர்.

“அதுக்கு ஒரே ஆசக்கா. ஒரு வாட்டி கேரல் பார்ட்டி எங்க ஊட்டுக்குள்ள வந்து பாடணுமாம். முப்பது வருசமா யாரும் வரல. வாசல்ல நின்னுகினு அந்தப் பாட்ட பாடுவானுங்க, சிரிச்சிகினே போய்டுவானுங்க. ஊட்ட மாத்திகினு நெமிலிச்சேரி போனோம். பாட்டு எங்களுக்கு மின்னாடியே அங்க போய்க்கீது. டிசம்பர் பொறந்தா அம்மா எல்லா லைட்டும் போட்டு வச்சிடும். பகல்லயும். நீங்க அப்ப குழுவுல இருந்தீங்களாமே, உங்க பேரத்தான் சொல்லிச்சு.”

காபி கொடுத்தேன். அதைக் குடிக்காமல், நான் கேட்காமலே, சொன்னாள். அன்று சாயங்காலம் அப்பா அடித்ததில் அம்மாவின் முகம் வீங்கிவிட்டது.

“லைட்ட போட்டா மூஞ்சி தெரியும்ல? என்ன கட்டிலுக்குக் கீழ இஸ்துகினு போய், நான் கத்திடக் கூடாதுன்னு என் வாய பொத்திகினு படுத்துச்சு. எனக்கு ஆறு வயசு. டார்ச்சு வெளிச்சம் வந்து போச்சு, அது இன்னும் ஞாபகம் கீது.”

அவள் அப்பா எத்திராஜ். அன்று எங்கள் குழுவில் டோலக் வாசித்தவர். தன் வீட்டு வாசலில் நின்று, “எங்கூட்டம்மா கேக்கு தீந்துடும்னு லைட்ட அமுத்திட்டா, பாரேன்” என்று எங்களைச் சிரிக்க வைத்தவர். நான் வரி சொல்லச் சொல்ல அவர்தான் தாளம் போட்டார். செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. தாளம் அப்படியே இருக்கிறது.

பாட்டை எழுதியது யார் என்று பவித்ராவிடம் நான் சொல்லவில்லை.

டிசம்பர் 2

‘கவனிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். எட்டே நாளுக்கு முன்னால், இதே பேனாவில்.

டிசம்பர் 5, வியாழன்

கேரல் குழுத் தலைவர் ராகேஷைப் பார்த்தேன். நாற்பது வயது, பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். நெமிலிச்சேரியில் ஒரு வீட்டுக்கு வர வேண்டும், இந்த வருடம் அந்தப் பாட்டையே பாடக்கூடாது என்றேன்.

“லைட்டு ஆஃபு இல்லாம கேரலா? பசங்க வரதே அதுக்குத்தான்க்கா.”

“அதை எழுதினதே நான்தான் ராகேஷ்.”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யக்கா! அது எங்க தாத்தா காலத்துப் பாட்டு. நீ எழுதினா மூணு பக்கம் எழுதுவ, கடைசி வரிக்கும் சிரிப்பே வராது.”

என்மீது இதுவரை வந்த விமர்சனங்களில் இதுவே துல்லியமானது. காரணத்தைச் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார். ஆனால் அது என் வீட்டுக் கதை இல்லையே, எடுத்துக் கொடுக்க. ஏற்கெனவே ஒருமுறை எடுத்துக் கொடுத்தாயிற்று.

டிசம்பர் 8, ஞாயிறு

போதகரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். “வாலிபர்களைச் சபைக்கு இழுத்துட்டு வர பாட்டு, சிஸ்டர். கர்த்தர் எதையும் பயன்படுத்துவார்” என்றார். கிறிஸ்துமஸ் அன்று சபைகளுக்கிடையே லைட்டு ஆஃபு போட்டி வைத்திருக்கிறார்களாம். தமிழ் தெரிந்தவர் ஒருவர் நடுவராக வேண்டுமாம். என் பெயரை முன்பே எழுதிவிட்டாராம்.

டிசம்பர் 11

மூன்று கோடிப் பேர் பார்த்த ஒரு வீடியோவின் கீழே எழுதினேன்: ‘இந்தப் பாட்டை எழுதியவள் நான். இதில் வரும் பெண் உண்மையானவர். அவர் மனம் நோகிறது. தயவுசெய்து பாடாதீர்கள்.’

மூன்று மணி நேரத்தில் நானூறு சிரிக்கும் முகங்கள். ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘அப்ப நான்தான் அந்தப் பூனை.’ அவருக்கு ஆயிரத்து இருநூறு.

முப்பது வருடத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவேற்பு.

டிசம்பர் 14, சனி

பவித்ரா போன் செய்தாள். “என்னைக்கு வராங்கன்னு கேட்டுகினே கீதுக்கா. நைட்டிய மாத்தி நல்ல பொடவ கட்டிவுடுன்னு தினம் ஒரே ரோதன. இருபத்தஞ்சு வரிக்கும் தாங்காது போலக்கா.”

வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். யார் வருவார்கள்? எவன் வருவான்? வேறு இரண்டு சபைகளில் கேட்டுப் பார்த்தாயிற்று. உறுப்பினர் இல்லாத வீட்டுக்கு நேரம் இல்லையாம். நான் ஒருத்தி போய் நின்னு பாடவா? எனக்குப் பாடவே வராதே. அந்த நாலு வரிதானே வரும் – அய்யோ, அது மட்டும்தானே எனக்கு வரும்.

காய்கறிக் கடையில் அதே பாட்டு. வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

பவித்ராவிடம் அனுமதி கேட்டேன். “சொல்லுங்கக்கா, இனிமே இன்னா போவுது” என்றாள். பாட்டை எழுதியது நான் என்பதையும் சொன்னேன். “வேலை கீதுக்கா” என்று வைத்துவிட்டாள்.

ராகேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இம்முறை சிரிக்கவில்லை. “இன்னாக்கா, மொதல்லயே சொல்றதில்லயா?” என்றார். “சனிக்கிழம சாயந்தரம் அஞ்சரைக்கு அங்க இருப்போம். அந்தப் பாட்டு வராது. என் பொறுப்பு.”

டிசம்பர் 21, சனி

வந்தார்கள். பதினாறு பேர், கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் கோபி, டெம்போ நிறைய பலூன். வீடு சின்னது, பாதிப் பேர் கூடத்தில், டிரம் வாசிக்கிறவனும் மற்றவர்களும் வாசலில். வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. கஸ்தூரி அக்காவைக் கத்தரிப்பூப் புடவை கட்டிக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். நான் ஜன்னலோரம் நின்றேன், பழக்கம்.

பழைய கீர்த்தனை ஒன்று, பிறகு இன்னொன்று. நன்றாகவே பாடினார்கள். அக்கா கண்ணை மூடிக் கேட்டார்.

மூன்றாவது தொடங்குமுன் தெருவில் கூடியிருந்த பிள்ளைகள் கத்தின: “அண்ணா, லைட்டு ஆஃபு! லைட்டு ஆஃபு பாடுங்கண்ணா!”

ராகேஷ் கையைக் காட்டினார். ஆனால் டிரம்மில் இருந்தவனின் கைக்கு அது எட்டவில்லை. அவன்மேல் தப்பில்லை, கேட்டவுடன் கை போகிறது, அவ்வளவுதான். எத்திராஜின் தாளம். இரண்டே அடி. தெரு முழுக்க எடுத்துக்கொண்டது – மேளச் சத்தம் கேட்டதுமே! டீக்கடைக்காரர், பால்காரர், எதிர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். எல்லோருக்கும் ஒரு எழுத்து பிசகாமல் தெரிந்திருக்கிறது.

நான் வெளியே ஓடி டிரம்மின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். அவன் கையும் என் கையும் சேர்ந்து அடிபட்டன. டிரம் நின்றது. தெரு நிற்கவில்லை. நாலு வரியையும் முடித்துக் கைதட்டிவிட்டுத்தான் நிறுத்தியது.

உள்ளே போனேன். பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. கட்டிலருகே உட்கார்ந்தேன்.

“அக்கா, அந்தப் பாட்டு எழுதினது நான்தான்.”

“தெரியும்” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். “உன் கொரலுதான மொதல்ல கேட்டுச்சு. டார்ச்சு அடிச்சதும் நீதான?”

“ஆமாக்கா.”

“பாட்டு பாட்டோட போவுது, வுடு. பசங்க சிரிக்கட்டும்.” மறுபடி மூச்சு. “நீ பாத்தல்ல? கதவ தட்டியிருக்கலாம்ல, அருளு?”

பிறகு மகள் பக்கம் திரும்பி, “வந்தவங்களுக்குக் கேக்கு குடுடீ, நிக்கிறாங்க பாரு” என்றார்.

கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே ரயிலேறினேன்.

டிசம்பர் 25

போட்டிக்குப் போகவில்லை. முதல் பரிசு வானகரம் குழுவுக்காம். புதிதாக இரண்டு சரணம் சேர்த்திருந்தார்களாம்.

ஜனவரி 2, வியாழன்

கஸ்தூரி அக்கா இன்று விடியற்காலை. போன் செய்தது பவித்ராதான். ராகேஷும் பையன்களும் தூக்கினார்கள்.

ஜனவரி 9, வியாழன்

சாயங்காலம் ஆறரை. மேல்வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தம். ஒரு பெண்ணின் குரல் எழுந்து பாதியில் நின்றது. உடனே டிவியைக் கூட்டி வைத்தார்கள். குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது, பெயர்கூடத் தெரியாது.

மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். நான்காவது தட்டலுக்கு அவன் திறந்தான். “இன்னா மேடம், இன்னா வோணும்?” என்றான்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். பெயர் கேட்டேன். யுவராணி என்றாள். அவன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு டிவியை நிறுத்தினான்.

எட்டரை மணி வரை நான் எழுந்திருக்கவில்லை.